உப்பு தின்னாத வண்டி

பழையகாயலைத் தாண்டி ரோட்டின் இருபுறமும் உப்பளம் தொடங்கும் இடத்தில்தான் என் முதல் காரின் பிரேக் போனது. 2023 அக்டோபர், காலை எட்டேகால் மணி. அளத்திலிருந்து உப்பு ஏற்றிய லாரி ஒன்று மெதுவாக ரோட்டில் ஏறியது. பெடலை மிதித்தேன். கால் தரைவரை போய்விட்டது. விட்டுவிட்டு மிதித்ததில் வண்டி அரைகுறையாகப் பிடித்து, லாரிக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. பின்சீட்டில் என்னோடு வேலைக்கு வரும் இரண்டு பெண்கள் இருந்தார்கள். ஒருத்திக்குக் கைக்குழந்தை வீட்டில்.

ஏரலில் டிங்கரிங் பட்டறை வைத்திருக்கும் என் தாய்மாமா வந்து, சாக்கை விரித்துக் கீழே படுத்துப் பார்த்தார். பின் சக்கரங்களுக்குப் போகும் பிரேக் பைப் இரும்புக் குழாய். பென்சிலைவிட மெல்லியது. அதைத் தரைத் தகட்டோடு பிடித்திருக்கும் கிளிப்புக்குள் ஈரமணல் தங்கி, உப்பு அரித்து, அந்த இடத்தில் பைப் வெடித்திருந்தது. நாங்கள் பிழைத்ததற்குக் காரணம் உண்டு. இப்போதைய கார்களில் பிரேக் எண்ணெய் இரண்டு தனித்தனி வழிகளில் ஓடும். ஒரு வழி உடைந்தாலும் மற்றது பாதி வேலை செய்யும்.

“எஞ்சினுக்குச் சாமான் கடையில கெடைக்கும், மருமவளே. பாடிக்கு எங்க போவ?” என்றார் மாமா. தரைத் தகடு அதற்குள் நான்கு இடத்தில் கைவிரல் நுழையும் அளவுக்கு ஓட்டையாகியிருந்தது. கால்மிதி ரப்பரும் அதற்குக் கீழே புதிதாக அடித்த கறுப்புப் பூச்சும் மறைத்ததில் இரண்டு வருடமாக எனக்கு அது தெரியவில்லை. விற்றவர் எஞ்சினைத் திறந்து காட்டினார், பாட்டுப் பெட்டியைப் போட்டுக் காட்டினார். நான் அவற்றைப் பார்த்து வாங்கினேன். கடைசியில் அந்த வண்டியைப் பழைய இரும்புக்குப் போட்டு, ஆர்.சி.யை ரத்து செய்தோம்.

எனக்கு ஊர் கொற்கை. பாண்டியர் துறைமுகமாக இருந்த ஊர். இன்று கடல் விலகிப் போய், சுற்றிலும் வாழையும் நெல்லும். நான் வேலை பார்ப்பது தூத்துக்குடியில், துறைமுகத்துக்குச் சரக்கு அனுப்பும் ஓர் ஏஜென்சியில்; கணக்கு எழுதுகிறேன். போக ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர், வர முப்பது. கப்பல் புறப்படும் நாட்களில் ஆபீஸை விட்டு இறங்க எட்டரை ஆகும். அதற்குமேல், பஸ் மாறும் முக்காணியில் இறங்கினால் ஊருக்குப் பஸ் இல்லை. அதனால்தான் கார். புது வண்டிக்கு என் சம்பளம் தாங்காது. பழைய சின்ன வண்டிதான்.

பழைய வண்டி வாங்குவதைப் பற்றிச் சொல்பவர்கள் எஞ்சினிலிருந்து தொடங்குவார்கள். மதுரையிலும் கோவையிலும் அது சரியாக இருக்கலாம். கடற்கரையில் இருப்பவர்கள் தரையிலிருந்து தொடங்க வேண்டும் என்பதே நான் கற்ற பாடம்.

இரும்பு துருப்பிடிக்க நீரும் காற்றும் போதும். நீரில் உப்பு சேர்ந்தால் மின்னோட்டம் எளிதாகப் பாயும். அரிப்பு பல மடங்கு வேகமாகும். அடுப்படி உப்பு ஜாடி மழைக்காலத்தில் கசிவதைப் பார்த்திருப்பீர்கள். காற்றில் ஈரப்பதம் சுமார் 75 சதவிகிதத்தைத் தாண்டினால் உப்பு தானே நீரை இழுத்துக் கரையும். அளத்து உப்பில் மக்னீசியமும் கலந்திருப்பதால் அது இன்னும் குறைந்த ஈரத்திலேயே நீர்க்கும். ஆக, லாரியிலிருந்து சிந்திய உப்பும் உப்புநீரும் தெறித்து வண்டிக்கு அடியில் ஒட்டிக்கொண்டால், மழையே பெய்யாத ராத்திரியிலும் ஷெட்டுக்குள் நிற்கும் வண்டி நனைந்துகொண்டே இருக்கிறது.

உள்ளே பார்க்காமல் வாங்குவது எங்கள் கடற்கரைக்குப் புதிதல்ல. இங்கே அரசு நடத்திய முத்துக்குளிப்பு 1961-ஓடு நின்றுவிட்டது. முத்துக்குளிக்கும் சலாப காலத்தில் சிப்பியைத் திறக்காமலே ஆயிரம் ஆயிரமாக ஏலம் விடுவார்கள். உள்ளே முத்து இருக்கிறதா, வெறும் சதையா என்பது எடுத்தவனுக்கே தெரியாது. சிப்பியைத் திறந்து பார்த்து வாங்கும் வசதி அன்று அவர்களுக்கு இல்லை. கார் வாங்கும் நமக்கு இருக்கிறது. அதைப் பயன்படுத்தாமல் முன்பணம் கொடுத்துவிடுகிறோம் என்பதுதான் என் ஆதங்கம்.

இரண்டாவது வண்டி தேடியபோது மாமா ஒரு நிபந்தனை போட்டார். வண்டியை முதலில் வாட்டர் சர்வீஸுக்கு ஓட்டிப்போய் லிஃப்டில் ஏற்ற வேண்டும். சில நூறு ரூபாய் செலவு. விற்பவர் அதற்குச் சம்மதிக்கவில்லை என்றால் பேச்சு அதோடு முடிந்தது. (ஜாக்கியில் மட்டும் தூக்கி நிறுத்திய வண்டிக்கு அடியில் யாரும் போகக்கூடாது. ஜாக்கி நழுவினால் உயிர் போகும்.)

லிஃப்டில் ஏற்றியதும் அவர் கை போன இடங்களை அப்படியே சொல்கிறேன். கதவுகளுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் பெட்டித் தகட்டைக் கட்டைவிரலால் அழுத்தினார். நல்ல தகடு அசையாது. உள்ளே துருவேறிப் போனது பொருபொருவென்று அமுங்கும். ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் தட்டினார். ‘டங்’கென்றால் இரும்பு. ‘தொப்’பென்றால் பட்டி பூசி வழித்த இடம். காந்தத்தைத் துணியில் சுற்றி, சக்கர வளைவுகளின் மேல் நகர்த்தினார். தகடு இருக்கும் இடத்தில் பிடித்தது. பட்டி தடிமனாக இருந்த இடத்தில் வழுக்கி விழுந்தது. பிரேக் பைப்பைப் பின்னாலிருந்து முன்னால் வரை துணியால் துடைத்து, ஒவ்வொரு கிளிப்பிலும் நின்று பார்த்தார். பிறகு பெட்ரோல் டாங்கின் விளிம்பு, சைலன்சர் மூட்டு, பின் சஸ்பென்ஷன் தகட்டோடு சேரும் இடம். சஸ்பென்ஷன் சேரும் இடத்தில் துரு இருந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம் என்றார். அது வெல்டிங்கில் நிற்காது.

கீழ்ப்புறம் முழுக்கப் புதுக் கறுப்புப் பூச்சோடு பளபளத்தால் சந்தேகப்படுங்கள். பன்னிரண்டு வருட வண்டிக்கு விற்கும் வாரத்தில் பூச்சு அடிக்க என்ன அவசரம்?

டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கிப் பாருங்கள். எங்கள் பக்கத்தில் இது மிக முக்கியம். ஐஸ் பெட்டியில் மீன், சாக்கில் கருவாடு ஏற்றிய வண்டிகள் நிறைய. பெட்டியிலிருந்து வடிந்த உப்புநீர் ஸ்டெப்னிக் குழியில் தங்கித் தகட்டைத் தின்றிருக்கும். வாசனைத் திரவியம் தெளித்தால் மணம் மறையும், குழி மறையாது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளுக்குப் பிறகு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. அந்த மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் பெய்தது. தாமிரபரணி கரை புரண்டு, ஸ்ரீவைகுண்டமும் ஏரலும் மூழ்கின. மாமாவின் பட்டறையில் வெள்ளம் மின்விசிறி சுவிட்சைத் தொட்டது. அங்கே நின்ற வண்டிகள் எல்லாம் என்னவாயின என்று அவருக்குத் தெரியும்; கழுவி, காயவைத்து, வேறு மாவட்டத்துக்குப் போனவையும் உண்டு. ஆகவே சீட் பெல்ட்டை முழுக்க வெளியே இழுத்துப் பாருங்கள். வழக்கமாகச் சுருண்டே இருக்கும் கடைசி ஒரு முழத்தில் வண்டல் கோடு இருந்தால் வெள்ளம் கண்ட வண்டி. சீட்டுக்கு அடியில் தண்டவாளம்போல் இருக்கும் கம்பிகளில் துரு, தரைவிரிப்புக்கு அடியில் காய்ந்த சேறு, முன்விளக்குக்குள் நீர்மட்டக் கோடு, இவையும் சாட்சிகள். சின்ன கார்கள் பலவற்றில் எஞ்சினை இயக்கும் கம்ப்யூட்டர் டாஷ்போர்டுக்குக் கீழேதான் இருக்கிறது. நனைந்த வண்டி வாங்கிய அன்று ஓடும். ஆறு மாதம் கழித்து எங்கேயாவது நடுரோட்டில் நிற்கும்.

எஞ்சினைப் பற்றிக் கொஞ்சம். காலையில், வண்டி குளிர்ந்திருக்கும்போது போங்கள். போகுமுன் ஸ்டார்ட் செய்து வைத்திருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லுங்கள். சைலன்சரில் நீலப்புகை நிற்காமல் வந்தால் எஞ்சின் ஆயிலைக் குடிக்கிறது. ஆயில் மூடிக்கு அடியில் மோர்போல் வெண்மை படிந்திருந்தால் ஆயிலில் நீர் கலக்கிறதா என்று மெக்கானிக்கிடம் கேட்க வேண்டும். ரேடியேட்டரை, எஞ்சின் ஆறிய பிறகு, திறந்து பாருங்கள். பச்சை, சிவப்பு என ஏதாவது ஒரு கூலன்ட் நிறம் இருக்க வேண்டும். காவி நிறத் தண்ணீர் என்றால் போர்வெல் நீர் ஊற்றி ஓட்டியிருக்கிறார்கள். எங்கள் பக்கத்துப் போர்வெல் நீர் வாயில் வைக்க முடியாத உவர். அது எஞ்சினின் நீர்வழிகளை உள்ளிருந்து அரிக்கும். டைமிங் பெல்ட் உள்ள எஞ்சின் என்றால் எப்போது மாற்றியது என்று பில்லோடு கேளுங்கள். ஏ.சி. பார்க்கும்போது, முன் கிரில்லுக்குப் பின்னால் டார்ச் அடித்தால் கன்டென்சரின் அலுமினிய இதழ்கள் தெரியும். விரல் பட்டாலே உதிர்ந்தால் அதுவும் உப்புக் காற்றின் வேலைதான். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2219 என்றால் 2019-இன் 22-ஆவது வாரம். பட்டன் நன்றாக இருந்தாலும் ஆறேழு வருட டயரை மாற்றும் செலவைக் கணக்கில் சேருங்கள்.

ஆர்.சி.யில் எல்லோரும் பெயரையும் ஆண்டையும் பார்ப்பார்கள். மாமா முகவரியையும் பதிவு எண்ணின் தொடக்கத்தையும் பார்த்தார். டி.என். 69 தூத்துக்குடி, கடல் வண்டி. டி.என். 67 விருதுநகர், வறண்ட காற்று. வண்டி எங்கே வாழ்ந்தது என்பதற்கு அதுதான் முதல் தடயம். பதிவு எண்ணை அரசின் பரிவாகன் தளத்தில் போட்டால் எத்தனையாவது உரிமையாளர், இன்சூரன்ஸ் எதுவரை, வங்கிக் கடன் நிலுவையா என்பது தெரியும். கடன் இருந்தால் வங்கியின் தடையின்மைச் சான்றும் படிவம் 35-உம் கைக்கு வராமல் பணம் தரக்கூடாது. படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கி உடனே பெயர் மாற்றுங்கள். இன்சூரன்ஸையும் 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றக் கோர வேண்டும். பதிவு 15 வருடத்துக்குத்தான். அதற்குமேல் எஃப்.சி. பார்த்து ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலில் காருக்கான கட்டணமே 5,000 ரூபாய் ஆனது. பசுமை வரி தனி. பதினான்கு வயது வண்டி மலிவாகக் கிடைப்பதன் காரணம் பெரும்பாலும் இதுவே.

ஏழு வண்டிகளை லிஃப்டில் ஏற்றினோம். ஆறு கழிந்தன. ஏழாவது, சிவகாசிப் பக்கம் ஓர் ஆசிரியர் வைத்திருந்த 2012 வேகன் ஆர். 998 சிசி, டைமிங் செயின் எஞ்சின். பெயின்ட் வெளுத்து, முன் பம்பரில் கீறல். லிஃப்டில் ஏற்றியபோது கீழே கம்பெனிப் பூச்சு அப்படியே இருந்தது; மேலே கரிசல் தூசிதான். மாமா ஒன்றும் சொல்லாமல் துணியில் கையைத் துடைத்துக்கொண்டார். பிறகுதான் விலை பேசினோம். 1,65,000.

அறுபது கிலோமீட்டருக்கு மூன்றரை லிட்டர் ஆகிறது. மாதம் 25 நாளைக்கு ஏறத்தாழ ஒன்பதாயிரம் ரூபாய். நான்கு பேர் பகிர்ந்துகொள்கிறோம். கைக்குழந்தைக்காரி இப்போதும் பின்சீட்டில்தான்.

ஞாயிறு காலையில் பஞ்சாயத்துக் குழாயில் ஆற்றுத்தண்ணீர் வரும் நேரத்தில் ஹோஸைப் பிடித்து வண்டியின் அடிப்புறத்தைக் கழுவுகிறேன். சக்கர வளைவு, பெட்டித் தகட்டின் கீழுள்ள வடிகால் துளைகள், பிரேக் பைப் ஓடும் வரிசை. மாதம் ஒருமுறை மாமா வருவார். டீயைக் குடிக்குமுன் சாக்கை எங்கே வைத்திருக்கிறேன் என்று கேட்பார்.