ஒத்தை ஓட்டையில் எத்தனை மடை? ஹப்பா, டாக்கா... தெரியுமா?

காலை ஆறு மணி வாக்கில் திருநெல்வேலி ஜங்ஷனை விட்டு வந்தே பாரத் நகர்கிறது. பாதிப் பேர் இட்லிப் பொட்டலத்தைப் பிரிக்கிறார்கள். மீதிப் பேர் லேப்டாப்பைத் திறக்கிறார்கள். எழும்பூர் போய்ச் சேர எட்டு மணி நேரம்கூட ஆகாது. அதற்குள் வேலையை முடித்தாக வேண்டும். ஆனால் புது லேப்டாப்பின் விலாவைத் தடவினால் இருப்பது இரண்டே இரண்டு டைப்-சி ஓட்டை! பென்டிரைவை எங்கே செருக? மவுஸை எங்கே மாட்ட?

"ஒரு ஹப் வாங்கிக்கோ" என்கிறார் பக்கத்து சீட்டுக்காரர். "டாக்கிங் ஸ்டேஷன்தான் தம்பி சரி" என்கிறார் கடைக்கார அண்ணாச்சி. இரண்டும் ஒன்றுதானே என்கிறீர்களா? அங்கேதான் ஆச்சரியமே!

தாமிரபரணியிலும் ஹப் இருக்கிறது, தெரியுமா?

பொதிகையில் பிறந்து புன்னக்காயலில் கடலைத் தொடும் தாமிரபரணி மேல் எட்டு அணைக்கட்டுகள். கோடைமேலழகியானில் தொடங்கி ஸ்ரீவைகுண்டத்தில் முடிகிறது வரிசை. ஒவ்வொன்றும் ஆற்றுத் தண்ணீரைத் தடுத்து, கால்வாய்க்குத் திருப்பிவிடுகிறது. அரியநாயகிபுரத்தில் கோடகன் கால்வாய், பழவூரில் பாளையங்கால்வாய், சுத்தமல்லியில் நெல்லைக் கால்வாய்... ஆனால் எந்த அணைக்கட்டாவது ஒரு சொட்டுத் தண்ணீரைச் சொந்தமாக உண்டாக்குகிறதா? இல்லை!

ஹப்பும் அப்படித்தான். லேப்டாப் தருவதைப் பங்கு வைக்கும், அவ்வளவுதான். டாக்கிங் ஸ்டேஷன், சுருக்கமாக டாக், என்பது பக்கத்திலேயே சொந்தக் கிணறு தோண்டிய அணைக்கட்டு. தரவு லேப்டாப்பிலிருந்து வரும்; கரண்டைச் சுவரிலிருந்து தானே இறைத்துக்கொள்ளும், மிஞ்சியதை லேப்டாப்புக்கும் ஊட்டும். மற்ற வித்தியாசங்களில் பாதி இதிலிருந்து பிறந்தவை.

அந்தக் குட்டி ஓட்டைக்குள் 24 ஊசிகள், தெரியுமா?

1996-ல் வந்த யுஎஸ்பியை உருவாக்கிய இன்டெல் குழுவின் முக்கிய மூளை, பரோடாவில் படித்த அஜய் பட் என்ற இந்தியர்! அன்றைய யுஎஸ்பியில் நான்கே கம்பிகள். 2014-ல் வெளியான டைப்-சியில் 24 ஊசிகள். எப்படித் திருப்பிச் செருகினாலும் ஏற்கும் ரகசியம் அதில்தான்.

அதற்குள் அதிவேகப் பாதைகள் நான்கு. சாதாரண ஹப் அதில் இரண்டைப் படத்துக்கும் இரண்டைத் தரவுக்கும் திறந்துவிடுகிறது. லேப்டாப் கொஞ்சம் பழசாக இருந்தால் இரண்டு பாதையில் 4கே படம் விநாடிக்கு 30 முறைதான் மாறும். மவுஸ் அம்பு விட்டுவிட்டு நகரும். 60 முறை வேண்டுமென்றால் நான்கு பாதையையும் படமே குடித்துவிடும். அப்போது தரவுக்கு மிஞ்சுவது, 2000-ம் ஆண்டின் யுஎஸ்பி 2.0 வேகமான 480 மெகாபிட்! அட்டையில் "4கே" என்று பார்த்ததும் மயங்காதீர்கள். பக்கத்தில் 30 என்றிருக்கிறதா, 60 என்றிருக்கிறதா என்று பாருங்கள்.

கடைமடைப் பென்டிரைவ் காய்ந்து போகும், தெரியுமா?

ஹப்பில் ஏழு வாய் இருக்கலாம். வாய்க்கால் ஒன்றுதான். விநாடிக்கு 5 அல்லது 10 ஜிகாபிட்டை எல்லோரும் பங்கு போட வேண்டும். ஹார்டு டிஸ்க் ஒரு பக்கம், லேன் கேபிள் ஒரு பக்கம், மெமரி கார்டு ஒரு பக்கம் என்று ஒரே நேரத்தில் இழுத்தால் எல்லோருக்கும் பங்கு குறையும். கடைமடை விவசாயிக்கு இதை விளக்கவே வேண்டாம்!

தண்டர்போல்ட் 4 டாக்கின் வாய்க்காலோ 40 ஜிகாபிட் அகலம். தண்டர்போல்ட் 5-ல் 80. ஆனால் ஒரு சூட்சுமம்: லேப்டாப்பின் ஓட்டையும் அதே வேகத்தைத் தாங்கினால்தான் அந்த அகலம் கிடைக்கும். ஆற்றில் தண்ணீர் இல்லாமல் கால்வாயை மட்டும் அகலமாக வெட்டி என்ன பயன்?

100 வாட் என்றால் 100 வாட் வராது, தெரியுமா?

"அண்ணாச்சி, இது நூறு வாட்டுதானே?"

"அட்டையில அப்படித்தானே தம்பி போட்டிருக்கு!"

அட்டை பொய் சொல்லவில்லை. 100 வாட் என்பது சார்ஜரிலிருந்து ஹப்புக்குள் நுழைவது. அதில் 10 முதல் 15 வாட் வரை ஹப் தனக்கு எடுத்துக்கொண்டு மீதியைத்தான் லேப்டாப்புக்குத் தள்ளும். கையில் 65 வாட் சார்ஜர் இருந்தால் கணக்கு இன்னும் சுருங்கும். பெரிய வேலை ஓடும்போது, சார்ஜர் மாட்டியிருந்தும் பேட்டரி இறங்கலாம்.

கேபிளுக்குள்ளும் ஒரு சில்லு, தெரியுமா?

மூன்று ஆம்பியருக்கு மேல் கரண்டைத் தாங்கும் டைப்-சி கேபிளுக்குள் கட்டாயமாக ஒரு சிறு சில்லு இருக்க வேண்டும். "நான் ஐந்து ஆம்பியர் தாங்குவேன்" என்று சார்ஜரிடம் அது சொன்னால்தான் மடை முழுதாகத் திறக்கும். சில்லு இல்லாத கேபிளில் 60 வாட்டோடு சரி! 2021-ல் வந்த விதிப்படி டைப்-சியின் உச்சம் 240 வாட். ஆயிரக்கணக்கில் கொட்டி டாக் வாங்கிவிட்டு, போன் டப்பாவில் வந்த கேபிளை மாட்டினால் என்ன ஆகும் என்று இப்போது புரிகிறதா?

மவுஸ் திக்குவது ஹப்பின் வேலை, தெரியுமா?

வயர்லெஸ் மவுஸ் திடீரென்று நொண்டுகிறதா? பேட்டரியைத் திட்டாதீர்கள். யுஎஸ்பி 3.0 ஓடும்போது எழும் மின் இரைச்சல் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலையில் புகுந்து குழப்பும் என்று 2012-லேயே இன்டெல் அறிக்கை சொல்லிவிட்டது. மவுஸின் குட்டி ரிசீவரை ஹார்டு டிஸ்க் பக்கத்து ஓட்டையிலிருந்து பிடுங்கித் தள்ளி மாட்டுங்கள். காசு செலவில்லாத வைத்தியம்!

லேப்டாப்பை விழுங்கிய டாக், தெரியுமா?

1992-ல் ஆப்பிள் விற்ற டியோ டாக்கில் கேபிளே கிடையாது. வி.சி.ஆரில் கேசட் போடுவதுபோல லேப்டாப்பையே வாய்க்குள் தள்ள வேண்டும். மோட்டார் உள்ளே இழுத்துக்கொள்ளும்! அன்று விழுங்கி முடித்த வேலையை இன்று ஒரே ஒரு டைப்-சி கேபிள் செய்கிறது. மாட்டினால் மானிட்டர், கீபோர்டு, லேன், சார்ஜ் எல்லாம் ஒரே நொடியில்.

இரண்டு எச்டிஎம்ஐ இருந்தும் ஒரே படம், தெரியுமா?

விண்டோஸ் லேப்டாப்பில் ஹப்பின் இரண்டு எச்டிஎம்ஐயும் இரண்டு தனிப் படம் காட்டலாம். அதே ஹப்பை மேக்புக்கில் மாட்டினால் இரண்டு மானிட்டரிலும் ஒரே படம்! ஒரு கம்பியில் வரும் படத்தை இரண்டாகப் பிரிக்கும் அந்த முறையை மேக் ஏற்பதில்லை. எம்1, எம்2 மேக்புக் ஏர் என்றால் இன்னும் கறார்: வெளி மானிட்டர் ஒன்றுதான். அதைத் தாண்ட டிஸ்ப்ளேலிங்க் சில்லு உள்ள டாக் வேண்டும். கூடவே அதன் மென்பொருளையும் நிறுவ வேண்டும்.

கரண்டு போனால் ஜெயிப்பது ஹப், தெரியுமா?

பாபநாசத்தில் 1944 முதல் தாமிரபரணி மின்சாரம் தருகிறது. ஆனாலும் மாதாந்திரப் பராமரிப்பு நாளில் ஊரே இருட்டுதானே! கரண்டு நின்ற நொடியில் டாக்கின் கிணறு வற்றிவிடும். லேப்டாப் பேட்டரியில் பிழைத்துக்கொள்ளும். டாக்கில் தொங்கிய ஹார்டு டிஸ்க், எழுதிக்கொண்டிருந்த கோப்போடு பாதியில் அறுந்துவிடும். லேப்டாப் பேட்டரியையே உண்டு வாழும் ஹப்போ பெரும்பாலும் அசராது. டாக் வாங்குகிறவர்கள் அதை யுபிஎஸ்ஸில் மாட்டுவது நல்லது.

அல்வா எடையில் பார்த்தால் தெரியுமா?

பயண ஹப், நூறு கிராம் அல்வாப் பொட்டலம். பெரிய டாக்கும் அதன் செங்கல் அடாப்டரும் சேர்ந்தால் ஒரு கிலோ அல்வாவைத் தொடும்! விலையிலும் அதே தூரம்: ஹப் ஆயிரத்துச் சொச்சத்தில் கிடைக்கும், நல்ல தண்டர்போல்ட் டாக் இருபதாயிரத்தைத் தாண்டும்.

சரி, எதை வாங்க?

தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் 2011-லேயே ஸோஹோ அலுவலகம் திறந்தது. கங்கைகொண்டானில் எல்காட் ஐ.டி. பூங்கா இருக்கிறது. அலுவலக மேசை ஊருக்கே வந்துவிட்ட காலம் இது. ஆகவே தீர்ப்பை மேசையிலிருந்தே சொல்லலாம்.

இரண்டு மானிட்டர், லேன், எப்போதும் மாட்டிய ஹார்டு டிஸ்க், நாள்தோறும் அதே நாற்காலி என்றால் டாக். ரயில், கல்லூரி, வாடிக்கையாளர் வீடு, வீட்டில் ஒரே ஒரு மானிட்டர் என்றால் ஹப். இரண்டுக்கும் நடுவில் தடுமாறுகிறவர்கள் முதலில் ஹப் வாங்குங்கள். போதவில்லை என்று ஆறு மாதம் கழித்துத் தோன்றினால் டாக் வாங்கலாம், ஹப் பைக்குள் போய்விடும்.

கடைக்குக் கிளம்புமுன் ஒரு வேலை. லேப்டாப்பில் டைப்-சி ஓட்டையின் பக்கத்தைப் பாருங்கள். அம்பு முனையுள்ள மின்னல் குறி இருந்தால் தண்டர்போல்ட். குறி எதுவும் இல்லையென்றால் மாடல் எண்ணை வைத்து, அந்த ஓட்டை படம் தருமா, சார்ஜ் ஏற்குமா என்று தயாரிப்பாளரின் விவரப் பட்டியலில் தேடுங்கள். வெறும் தரவு மட்டும் போகும் டைப்-சியும் உண்டு. அதில் சாதாரண ஹப்பின் எச்டிஎம்ஐ படமே காட்டாது!