செல்போன் கம்பெனிகள் இணையுதா? சிம்மை தூக்கிப் போடாதீங்க... நம்பரை காப்பாத்துங்க!

புதுக்கோட்டை:

"நம்ம கம்பெனியை இன்னொரு கம்பெனி வாங்கப் போகுதாமே, சிம்மை மாத்திடவா?" டீக்கடையில் இப்படி ஒரு பேச்சு கிளம்பினாலே பலருக்கும் வயிற்றில் புளியைக் கரைக்கும்.

இந்த பயம் சும்மா வந்ததில்லை. 2018 பிப்ரவரியில் தமிழகம் முழுக்க ஏர்செல் சிக்னல் திடீரென காணாமல் போனது. அறந்தாங்கி முதல் விராலிமலை வரை ஏர்செல் வைத்திருந்தவர்கள் பேச முடியாமல் தவித்தார்கள்.

நடந்தது என்ன?

ஏர்செல்லும் ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்சும் இணையப் போவதாக 2016-ல் அறிவித்தன. 2017 அக்டோபரில் அந்த இணைப்பு முறிந்தது. டவர் நிறுவனங்களுக்கு பாக்கி ஏற, டவர்கள் அணைந்தன. 2018 பிப்ரவரி 28-ல் ஏர்செல் திவால் மனு கொடுத்தது. நம்பரை மாற்றிக்கொள்ள ஏப்ரல் 15 வரை டிராய் அவகாசம் கொடுத்தது.

அதே 2018 ஆகஸ்டு 31-ல் வோடபோனும் ஐடியாவும் இணைந்தன. யாருக்கும் நம்பர் போகவில்லை. 2019 ஜூலையில் டாடா டோகோமோ வாடிக்கையாளர்கள் ஏர்டெல்லுக்கு போனபோதும் அப்படித்தான்.

ஆக, இணைப்பு நடந்தால் பயமில்லை. இணைப்பு முறிந்து, சிக்னலும் விட்டு விட்டு வந்தால்தான் ஆபத்து. அப்போது ஒரு நாள்கூட தள்ளிப்போடக் கூடாது. ஏன்னா, 'போர்ட்' எஸ்.எம்.எஸ். அனுப்பவே சிக்னல் வேணும்!

நம்பர் போனா என்ன?

பேங்க், ஆதார், ரேஷன் கார்டு, கேஸ் புக்கிங் எல்லாம் அந்த நம்பரில்தான் இருக்கு. ஓ.டி.பி. வராவிட்டால் நம்ம பணத்தை நாமே எடுக்க அலையணும். செயலிழந்த நம்பர் 90 நாளுக்குப் பிறகு வேறு ஒருவர் கைக்கும் போகலாம்.

மாறுவது எப்படி?

* ஆங்கிலத்தில் 'போர்ட்' என டைப் செய்து, இடம் விட்டு, உங்கள் நம்பரை போட்டு 1900-க்கு அனுப்புங்கள். ஒரு கோடு வரும். அது 4 நாள்தான் செல்லும்.

* அந்த கோடுடன் ஆதாரை எடுத்துக்கொண்டு புது கம்பெனி கடைக்கு போங்கள். தமிழகத்துக்குள் 3 வேலை நாளில் மாறிவிடும்.

* இப்போதைய கம்பெனியில் 90 நாள் இருந்திருக்க வேண்டும். போஸ்ட்பெய்டு பில் பாக்கி இருக்கக் கூடாது. பிரீபெய்டு பேலன்ஸ் கூட வராது.

* போனில் யார் கேட்டாலும் கோடை சொல்லாதீங்க.

எந்த கம்பெனி? எந்த போன்?

விளம்பரத்தை பார்க்காதீங்க. வீட்டுக்குள்ளேயும், வேலை செய்யும் இடத்திலும் எது எடுக்குதுன்னு பக்கத்து வீட்டுக்காரர் போனில் பேசிப் பாருங்கள். புதுக்கோட்டை டவுனில் நன்றாக எடுப்பது கோட்டைப்பட்டினம் கடற்கரையில் எடுக்கணும்னு இல்லை.

ஜியோ சிம் 4ஜி அல்லது 5ஜி போனில் மட்டுமே வேலை செய்யும். பழைய 2ஜி பட்டன் போனில் எடுக்காது. ஜியோ பாரத் போனில் வேறு கம்பெனி சிம் எடுக்காது. நெட் வேண்டாம், பேசினால் போதும் என்பவர்களுக்கு பேச்சு, எஸ்.எம்.எஸ். மட்டும் உள்ள பேக் தர வேண்டும் என டிராய் 2024 டிசம்பரில் உத்தரவிட்டுள்ளது. கடையில் கேட்டு வாங்குங்கள்.

பழைய போன் வாங்கினால் *#06# அடித்து ஐ.எம்.இ.ஐ. நம்பரையும் சரிபாருங்கள். திருட்டு போனாக இருந்தால் முடக்கிவிடுவார்கள், காசு போச்சு!

கையில் இரண்டு சிம் போன் இருந்தால், இரண்டையும் ஒரே கம்பெனியில் வைக்காதீங்க. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது சிக்னல் இல்லாமல் நாம் பட்ட பாடு மறக்குமா? ஒன்று போனாலும் இன்னொன்று கைகொடுக்கும்!