கும்பிட்ட பாம்பைப் பார்த்த கடை

பாம்புக்குக் கண்ணிமை கிடையாது. தூங்கும்போதும் அதன் கண் திறந்தேதான் இருக்கும். புழுதியிலும் முள்ளிலும் வயிற்றால் ஊர்ந்து திரியும் பிராணி அது. நிலத்திலிருந்து விரற்கடை உயரத்தில் கண். மூடிக்கொள்ள இமையும் இல்லையென்றால் அந்தக் கண் எத்தனை நாள் தாங்கும்? படைத்தவன் அதற்கு வேறு வழி செய்து வைத்திருக்கிறான். கண்ணுக்கு மேலே ஒரு செதில். உடம்பு முழுக்க உள்ள செதில்களின் இனம்தான் அதுவும், ஆனால் இது மட்டும் ஒளி ஊடுருவும்படி தெளிந்தது. மண்ணில் உரசிக் கீறல் விழுந்தாலும் கவலையில்லை. சட்டை உரிக்கும்போது அதுவும் சேர்ந்து கழன்று போகும். அதன் கீழே புதியது ஒன்று ஏற்கெனவே தயாராகியிருக்கும்.

இதை நான் முதலில் புத்தகத்தில் படிக்கவில்லை. ரொறன்ரோவின் கிழக்கே, ஸ்காபரோவில், தமிழ்ப் பலசரக்குக் கடைக்கும் சலவைக் கடைக்கும் நடுவே ஊர்வன விற்கும் சிறிய கடை ஒன்று இருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து சேர்ந்த புதிதில், அம்மா சாமான் வாங்கும் நேரத்தில் நான் அங்கே நுழைந்துவிடுவேன். அதன் சொந்தக்காரர் ஒருநாள் என் உள்ளங்கையில் ஒரு சட்டையை வைத்தார். சோளப்பாம்பின் சட்டை, உரித்துச் சில மணி நேரம்கூட ஆகாததால் இன்னும் ஈரம் காயவில்லை. மூக்கிலிருந்து வால் நுனிவரை கிழியாமல் ஒரே துண்டாக, உட்புறம் வெளியே திரும்பியிருந்தது. விளக்கின் கீழே பிடித்து, “கண் எங்கே இருக்கிறது, கண்டுபிடி” என்றார். தலைப்பகுதியை மெல்ல விரித்தேன். இரண்டு பக்கமும் கடுகளவில் இரண்டு சின்னக் குமிழிகள், சுருக்கமே இல்லாமல், அவ்வளவு தெளிவாக.

அவை இரண்டும் இருக்கின்றனவா என்று ஒவ்வொரு சட்டையிலும் அவர் பார்ப்பார். ஒன்று குறைந்தால், பழைய செதில் இன்னும் பாம்பின் கண்ணிலேயே ஒட்டியிருக்கிறது என்று அர்த்தம். அதை நகத்தால் கிள்ளி எடுக்கக் கூடாது. ஈரப் பாசி நிரப்பிய பெட்டிக்குள் பாம்பை விட்டால், பெரும்பாலும் அடுத்த உரிப்போடு தானாகக் கழன்றுவிடும். உரிப்பதற்குப் பல நாள் முன்பே கண் பால் நீலமாக மங்கும். பழைய தோலுக்கும் புதிய தோலுக்கும் நடுவே திரவம் ஊறுவதால் வரும் மங்கல் அது. அந்த நாட்களில் பாம்புக்குப் பார்வை குறைவு, பயம் அதிகம். தொட்டிக் கண்ணாடியில் அவர் ஒரு அட்டையை ஒட்டிவிடுவார்: ‘இவளை இப்போது தொந்தரவு செய்யாதீர்கள்.’ விற்பனைக்கு வைத்த பாம்புதான். வாங்க வந்தவர் காசோடு நின்றாலும் அந்த அட்டை இருக்கும்வரை கொடுக்கமாட்டார்.

அவர் ஒன்ராறியோவில் பிறந்து வளர்ந்த வெள்ளைக்காரர். தன்னைப் பெயர் சொல்லியே கூப்பிடச் சொல்வார். அறுபதை நெருங்கிய மனிதரைப் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. ‘அங்கிள்’ என்றேன், கடைசிவரை அங்கிள்தான். அவர் கடையில் யாரும் எதையும் எடுத்த எடுப்பில் தொட முடியாது. தொட்டிக்கு முன்னால் நின்று பார்க்க வேண்டும், பார்த்ததைச் சொல்ல வேண்டும். “அழகாக இருக்கிறது” என்று சொன்னால் அது கணக்கில் சேராது. “மூச்சு விடும்போது விலா எழும்புகிறது”, “நாக்கை நீட்டும்போது வாயைத் திறக்கவில்லை, உதட்டில் ஒரு சின்னப் பள்ளம் இருக்கிறது” என்று சொன்னால் முகம் மலர்ந்துவிடும். அதற்குப் பிறகுதான் மூடியைத் திறப்பார். கையைக் கீழிருந்து கொண்டுபோய் ஏந்தச் சொல்வார். மேலிருந்து வருவது பருந்து. இந்தப் பிராணிகளின் உடம்பு அதை மறக்காது என்பார்.

விற்பதிலும் அவருக்கு ஒரு முறை உண்டு. முதலில் தொட்டி, விளக்கு, தெர்மோஸ்டாட் மட்டும். அவற்றை வீட்டில் வெறுமையாகவே ஒரு வாரம் ஓட விட்டு, பகலும் இரவும் சூடு எவ்வளவு என்று எழுதி வர வேண்டும். தாளைப் பார்த்துத் திருப்தியானால்தான் பல்லியோ பாம்போ கைக்கு வரும். கோபித்துக்கொண்டு போனவர்கள் நிறையப் பேர். அவர் அதற்காக வருந்தி நான் பார்த்ததில்லை.

நாங்கள் பாம்பைக் கும்பிடுகிற மக்கள். நயினாதீவில் நாகபூஷணி அம்மனே எங்களுக்குத் தாய். சிவனின் கழுத்தில் பாம்பு, முருகனின் மயில் காலடியில் பாம்பு, ஊரில் புற்றைக் கண்டால் பால். அதே பாம்பு வளவுக்குள் வந்துவிட்டால் பொல்லு. இந்த இரண்டுக்கும் நடுவே, அதை அமைதியாக நின்று ஒரு தடவையாவது பார்த்தவர்கள் எத்தனை பேர்? நான் பார்த்ததில்லை. கும்பிடத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான். சிலுவைச் சங்கிலி அணிந்த ஒரு கிறிஸ்தவர்தான் என்னைப் பார்க்கப் பழக்கினார். பார்க்கப் பழகிய பிறகு நான் கும்பிடுவது குறையவில்லை, கூடியது. இப்போது நாகபூஷணி அம்மன் சந்நிதியில் நிற்கும்போது எதைக் கும்பிடுகிறேன் என்று எனக்குத் தெரியும்.

அம்மம்மாவை ஒருநாள் கடைக்குக் கூட்டிப் போனேன். உள்ளே வர மறுத்து வாசலிலேயே நின்றார். நான் அந்தச் சட்டையின் தலைப்பகுதியை வெளியே கொண்டுபோய் வெயிலில் பிடித்துக் காட்டி, விஷயத்தைச் சொன்னேன். வாங்கிக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து நெடுநேரம் பார்த்தார். “இமை வைக்க மறந்துபோனான் எண்டு நினைச்சன். கண்ணாடியெல்லோ போட்டு விட்டிருக்கிறான்!” என்றார். அங்கிளுக்கு அதை மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் தன் குறிப்புப் புத்தகத்தை எடுத்து எழுதிக்கொண்டார்.

பால் பைத்தன் என்று அவர்கள் சொல்கிற ஆப்பிரிக்க மலைப்பாம்புதான் அவருக்குப் பிரியமானது. பயந்தால் தலையை நடுவே வைத்துப் பந்தாகச் சுருண்டுகொள்ளும், சீறிப் பாயாது. அதன் மேலுதட்டு ஓரத்தில் வரிசையாகச் சில குழிகள் இருக்கும். இருட்டில் ஒரு எலி எங்கே நிற்கிறது என்பதை அதன் உடற்சூட்டைக்கொண்டே அந்தக் குழிகள் உணர்ந்துவிடும். எப்படி உணர்கின்றன என்பதற்கு 2010இல் விடை வந்தது. டேவிட் ஜூலியஸின் கலிபோர்னிய ஆய்வகம் கண்டறிந்தது இது: அந்தக் குழிகளின் நரம்புகளில் சூட்டை வாங்கும் புரதம், நம் உடம்பிலும் இருக்கிற ஒன்றுதான். கடுகும் வசாபியும் மூக்கில் ஏறும்போது நமக்குச் சுரீரென்று எரிகிறதே, அந்த எரிவைச் சொல்லும் புரதம். பாம்பில் அதே புரதம் சூட்டை அறியும் கருவியாகியிருக்கிறது. ஒரே பொருளை எடுத்து ஒருவனுக்குக் கண்ணில் நீர் வரச் செய்து, இன்னொன்றுக்கு இருட்டில் வழி காட்டியிருக்கிறான்! செய்தியை அச்செடுத்துக் கொண்டுபோய் வாசித்துக் காட்டினேன். அங்கிள் ஒன்றும் சொல்லாமல் கேட்டுவிட்டு, “இன்னொரு தடவை வாசி” என்றார்.

முட்டைகளைப் பற்றித்தான் எவ்வளவு சொன்னாலும் எனக்கு ஆறாது. பின்னறையில், பழைய குளிர்சாதனப் பெட்டி ஒன்றை மாற்றி அவரே செய்த அடைகாப்பான் இருந்தது. உள்ளே 31, 32 பாகை செல்சியஸ். பாம்பு முட்டை கோழி முட்டை மாதிரி ஓடு வைத்ததல்ல. தோல் போன்ற உறை, தொட்டால் மெத்தென்று அமுங்கும். இட்டவுடன் ஒவ்வொன்றின் உச்சியிலும் அவர் பென்சிலால் ஒரு கோடு போடுவார். கோழி தன் முட்டையைத் திருப்பித் திருப்பிப் போட்டு அடைகாக்கும். பாம்பு முட்டையைத் திருப்பக் கூடாது. உள்ளே கரு உறையோடு ஒட்டிக்கொண்டு வளர்கிறது. தலைகீழானால் மூழ்கிப் போகலாம். அந்தப் பென்சில் கோடு எப்போதும் மேலே இருக்க வேண்டும். முதல் தடவை முட்டைகளை வெர்மிகுலைட் தட்டுக்கு மாற்ற என்னை விட்டபோது, என் பெருமூச்சுகூட அவற்றை அசைத்துவிடும் என்று பயந்தேன். டோர்ச் வெளிச்சத்தை உறையின் மேல் பிடித்தால் உள்ளே சிவந்த நரம்புகள் கிளைவிட்டு ஓடுவது தெரியும்.

ஒரு ஆண்டு பால் பைத்தனின் முட்டைகளைத் தாயிடமே விட்டுப் பார்க்கலாம் என்றார். அவள் அவற்றைச் சுற்றி வளையம் வளையமாக இறுகினாள். ஏறக்குறைய இரண்டு மாதம் எதுவும் தின்னவில்லை. பெரும்பாலான நேரம் ஈரம் போகாமல் இறுக்கியே வைத்திருந்தாள். இடையிடையே சற்று நெகிழ்ந்து காற்றை உள்ளே விட்டு, மறுபடி இறுகுவாள். இதை யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. அவளே ஒரு அடைகாப்பானில் பிறந்தவள், தாயை அறியாதவள். கடைசியில் முட்டைகளில் கீறல்கள் தோன்றின. குஞ்சின் மூக்கு நுனியில் அந்த ஒரு வேலைக்காகவே ஒரு பல் முளைத்திருக்கும். உறையைக் கீறியதும் சில நாளில் உதிர்ந்துவிடும். கீறியவுடன் குஞ்சு வெளியே வராது. மூக்கை மட்டும் நீட்டி, மிச்ச மஞ்சள் கருவை உடம்புக்குள் இழுத்துக்கொண்டு, ஒரு நாள், சில வேளை அதற்கும் மேலே, அப்படியே இருக்கும். அவசரப்பட்டு இழுக்க நினைப்பவர்களுக்காக அவர் பின்னறைக் கதவைப் பூட்டியே வைத்திருந்தார். குஞ்சுகள் போன பிறகும் தாய் அந்த இடத்தை விட்டு அசையவில்லை. இளஞ்சூட்டு நீரில் அவளைக் குளிப்பாட்டி, முட்டையின் வாசம் போன பிறகே இரை எடுத்தாள்.

2020இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் மிருகக்காட்சிச்சாலையில் இதே இனப் பாம்பு ஒன்று 7 முட்டைகள் இட்டது. 1961இல் அங்கே வந்தது அது. வயது 62க்குக் குறையாது என்று கணக்கிட்டார்கள். 15 ஆண்டுகளுக்கு மேலாக ஆண் துணை எதுவும் அதன் பக்கத்தில் இருந்ததில்லை. அங்கிளுக்குத் தொலைபேசியில் சொன்னேன். கடையை மூடி ஓய்வெடுத்துக்கொண்டிருந்தார். அவர் கேட்ட முதல் கேள்வி, “தாய் எப்படி இருக்கிறாள்?”

பச்சோந்தியைப் பற்றி ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதன் பெயரை நாம் ஏச்சாக்கிவிட்டோம். 2015இல் ஜெனீவாப் பல்கலைக்கழகத்தார் காட்டியபடி, ஆண் பாந்தர் பச்சோந்தியின் தோலில் மிக நுண்ணிய படிகங்கள் அடுக்கப்பட்டிருக்கின்றன. அது அமைதியாக இருக்கும்போது படிகங்கள் நெருங்கி நின்று நீல ஒளியைத் திருப்பி அனுப்பும். தோலிலுள்ள மஞ்சளோடு சேர்ந்து நமக்குப் பச்சையாகத் தெரியும். எதிரியையோ துணையையோ கண்டு பொங்கினால் படிகங்கள் விலகி மஞ்சளும் சிவப்பும் எழும். அது நிறம் மாறி ஏமாற்றவில்லை. மனத்திலிருப்பதை மறைக்கத் தெரியாமல் தோலில் எழுதிக் காட்டுகிறது.

அந்தக் கடையில் யாரும் வாங்காத பிராணி ஒன்று இருந்தது, டோக்கே. தென்கிழக்கு ஆசியப் பெரும்பல்லி, நீலச் சாம்பல் உடம்பில் செம்மஞ்சள் புள்ளிகள், கடித்தால் விடாது. ஆனால் கண்ணாடியில் ஏறும்போது கீழ்ப்பக்கமாக நின்று அதன் பாதத்தைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு அடியையும் விரல் நுனியிலிருந்து மேல்நோக்கிச் சுருட்டி உரித்து எடுக்கும். வைக்கும்போது விரித்துப் பதிக்கும். பசை இல்லை, உறிஞ்சலும் இல்லை. ஒரு பாதத்தில் ஏறத்தாழ 5 லட்சம் நுண்மயிர்கள். ஒவ்வொன்றும் நூற்றுக்கணக்கான நுனிகளாகப் பிரிகிறது. ஒரு நுனியின் அகலம், ஒரு மில்லிமீட்டரை 5,000 பங்கு போட்டால் வரும் ஒரு பங்கு. அவ்வளவு நெருங்கித் தொடுவதால், அணுக்களுக்கு இடையிலுள்ள மெல்லிய ஈர்ப்பே அதைத் தாங்கப் போதும். கெல்லர் ஆட்டம் என்ற ஆய்வாளரும் அவர் கூட்டாளிகளும் 2002இல் இதை உறுதிப்படுத்தியது டோக்கேயை வைத்துத்தான்.

2013 டிசம்பரில் உறைமழை பெய்து ரொறன்ரோவில் மூன்று லட்சம் மின் இணைப்புகள் அறுந்தன. கிறிஸ்மஸ் நெருங்கியிருந்தது. வெளியே உறைகுளிர்; கடையில் விளக்கு இல்லை. தன் சூட்டைத் தானே உண்டாக்காத உயிர்கள் அவை. அதனால்தான் ஒரு மலைப்பாம்பால் மாதக்கணக்கில் பட்டினி கிடக்க முடிகிறது. அதனால்தான் வெயில் போனால் அதற்கு வேறு கதியும் இல்லை. அங்கிள் யாரையும் கூப்பிடவில்லை. ஆனாலும் அவரிடம் பார்க்கக் கற்றவர்கள் ஒவ்வொருவராக வந்துகொண்டிருந்தார்கள். பாம்புகளைத் துணிப்பைகளில் கட்டி, வெந்நீர்ப் போத்தல்களோடு தெர்மோகோல் பெட்டிகளில் வைத்து, மின்சாரம் இருந்த வீடுகளுக்குக் கொண்டுபோனோம். ஒவ்வொருவர் கையிலும் ஒரு தாளைத் தந்தார்: எந்தப் பிராணிக்கு எவ்வளவு சூடு, எது எதன் பக்கத்தில் இருக்கக் கூடாது. எங்கள் வீட்டில் மின்சாரம் இருந்தது. இரண்டு மலைப்பாம்புகளும் டோக்கேயும் எனக்கு வந்தன.

இரவு இரண்டு மணிபோல, இருட்டிலிருந்து அது வீடு அதிரக் கூப்பிட்டது. டோக்-கே. டோக்-கே. அம்மம்மா எழுந்துவிட்டார். கனடாவுக்கு வந்த பிறகு பல்லி சொல்லிக் கேட்டதில்லை என்று அடிக்கடி குறைப்படுவார். ஊரில் பல்லி சொன்னால் தரையில் விரலால் தட்டுவது அவர் வழக்கம். கட்டிலைவிட்டு இறங்கி வந்து, தொட்டிக்கு முன்னால் குனிந்து, மரத்தரையில் தட்டினார். அது மறுபடி கூப்பிட்டது. மறுபடி தட்டினார். விளக்கைப் போட்டு அதன் பாதத்தைக் காட்டச் சொன்னார். நான் காட்டினேன், சொன்னேன். விரல் விரலாக அது உரித்து ஏறுவதை மூக்கைக் கண்ணாடியில் வைத்துக்கொண்டு பார்த்தார்.

சில நாள் கழித்து மின்சாரம் வந்துவிட்டது, பிராணிகளைக் கொண்டுவரலாம் என்று அங்கிள் கூப்பிட்டார். அம்மம்மா பக்கத்தில் இருந்து கேட்டுவிட்டு, “பாம்பு ரெண்டையும் குடு. பல்லியைப் பொங்கல் மட்டும் வைச்சிருக்கலாமோ எண்டு அவரிட்டைக் கேள்” என்றார். கேட்டேன். தொட்டியின் சூடு எவ்வளவு என்று எழுதி வைத்திருக்கிறாயா என்றார் அங்கிள். தாள் முழுக்க அம்மம்மாவின் கையெழுத்தில் தமிழ் எண்களாக இருந்தது.