பைலட் பையில் என்ன இருக்கு?

சிவகாசி அண்ணாச்சி ஒருவர் தீபாவளிக்கு மும்பையில் இருக்கும் மருமகன் வீட்டுக்குக் கிளம்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். கையை வீசிக்கொண்டா போவார்? ஒரு கிஃப்ட் பாக்ஸ் பட்டாசு இல்லாமல் மருமகன் முகத்தில் எப்படி முழிப்பது! மதுரை விமான நிலையத்தில் பெட்டியை நிறுத்திவிடுவார்கள்.

"வெறும் கம்பி மத்தாப்புதான் தம்பி..."

ஊஹூம். கைப்பையிலும் கூடாது, செக்-இன் பெட்டியிலும் கூடாது. அண்ணாச்சி அந்தத் தம்பியைத் திட்டித் தீர்ப்பார். பாவம், அவர் என்ன செய்வார்? விமானத்தில் எதை ஏற்றலாம், எதை ஏற்றக்கூடாது என்பதெல்லாம் விமானக் கம்பெனியின் 'ஆபரேஷன்ஸ் மேனுவல்' வரைக்கும் எழுதப்பட்டிருக்கும் சமாசாரம்.

மேனுவலா? அது நம்ம ஆபீஸிலும்தான் இருக்கிறது. பீரோவுக்கு மேலே தூசியோடு கிடக்கும். ஆடிட் வந்தால் மட்டும் தரிசனம் தரும். விமானக் கம்பெனியில் அந்தக் கதை நடக்காது. டி.ஜி.சி.ஏ. ஏற்றுக்கொண்ட மேனுவல் இல்லையென்றால் விமானம் ஓட்டவே அனுமதி கிடையாது.

பொதுவாக நாலு பாகம். முதல் பாகத்தில் பொது விதிகள்: யார் யாருக்கு அதிகாரி, பைலட் எத்தனை மணி நேரம் வேலை பார்க்கலாம் என்பது போன்றவை. இரண்டாவது, அந்த ரக விமானத்தை இயக்குவது பற்றி. மூன்றாவது, வழித்தடங்களும் விமான நிலையங்களும். நாலாவது, பயிற்சி. இது போக, விமானத்தைத் தயாரித்தவர்கள் தரும் புத்தகங்கள் தனி. ஆபத்து நேரத்தில் சட்டென்று புரட்ட ஒரு கையேடு. எந்தெந்தச் சாமான் ரிப்பேரானாலும் பறக்கலாம், எது ரிப்பேரானால் நகரவே கூடாது என்று சொல்ல ஒரு பட்டியல். ஒரு காலத்தில் பைலட்டுகள் தோள் வலிக்கப் பெரிய பையில் தூக்கிக்கொண்டு போனார்கள். இப்போது பெரும்பாலும் டேப்லெட்டில் அடங்கிவிட்டது.

புத்தகத்துக்குப் பின்னால் ஒரு பெரிய படையே உண்டு. 'ஃப்ளைட் ஆபரேஷன்ஸ்' பிரிவுக்கு ஒரு தலைவர், சீஃப் பைலட், பயிற்சி கொடுப்பவர்கள், டூட்டி போடுபவர்கள். 'டிஸ்பாட்சர்' என்று ஒருவர் காற்று, மழை பார்த்து எரிபொருள் கணக்குப் போடுவார். மதுரையில் இறங்க முடியாவிட்டால் வேறு எங்கே போவது, அதற்கு எவ்வளவு எரிபொருள், அதற்கும் மேலே வானில் அரை மணி நேரம் சுற்ற எவ்வளவு என்பதெல்லாம் கிளம்பும் முன்பே தயார்.

'இருபது வருஷ சர்வீஸ் சார், எனக்கு லிஸ்ட் எதுக்கு?' என்று கேட்கிற ஆளா நீங்கள்? 1935 அக்டோபர் 30. அமெரிக்காவில் போயிங் கம்பெனியின் புது குண்டுவீச்சு விமானம் சோதனைக்குக் கிளம்பியது. ஓட்டியவர் ராணுவத்தின் அனுபவசாலி. நிறுத்தி வைக்கும்போது வால் பகுதி ஆடாமல் இருக்கப் போட்ட பூட்டை எடுக்க மறந்துவிட்டார்கள். விமானம் மேலே போய் அப்படியே விழுந்தது. இரண்டு பேர் பலி. அதற்கப்புறம் பிறந்ததுதான் பைலட்டுகளின் 'செக்லிஸ்ட்'. ஒருவர் வாசிக்க, மற்றவர் பார்த்துவிட்டுப் பதில் சொல்ல வேண்டும்.

சரி, எழுதி வைத்துவிட்டால் போதுமா? எப்படி எழுதுகிறோம் என்பதும் இருக்கிறது.

2010 மே 22. துபாயிலிருந்து மங்களூருக்கு வந்துகொண்டிருந்தது ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம். வழியில் கேப்டன் நெடுநேரம் தூங்கியிருக்கிறார். குறட்டைச் சத்தம் காக்பிட் ஒலிப்பதிவில் கேட்டது. இறங்கும்போது விமானம் இருக்க வேண்டியதைவிட ரொம்ப உயரத்தில் இருந்தது. துணை பைலட் "கோ அரவுண்ட்" என்றார். அதாவது, இறங்க வேண்டாம், மேலே ஏறிச் சுற்றி வருவோம். ஒரு தடவை அல்ல, மூன்று தடவை சொன்னார். கேப்டன் கேட்கவில்லை. 8,000 அடி ஓடுபாதையில் சுமார் 5,200 அடி தாண்டித்தான் சக்கரம் தரையைத் தொட்டது. மிச்சமிருந்த பாதை போதவில்லை. பள்ளத்தில் விழுந்து தீப்பிடித்தது. 158 பேர் பலி. பிழைத்தவர்கள் 8 பேர்.

சொன்னவர் ஏன் தானே கண்ட்ரோலைப் பிடித்து விமானத்தை மேலே ஏற்றவில்லை? விசாரணைக் குழுவுக்கும் அதே கேள்வி. தவறு கேப்டனுடையது என்றுதான் முடிவு சொன்னார்கள். கூடவே இன்னொன்றும் சொன்னார்கள்: துணை பைலட்டுக்கு அந்த அதிகாரம் உண்டா என்பது பற்றிய உத்தரவுகள் தெளிவில்லாமல் இருந்தன, அவர் தயங்கியதற்கு அநேகமாக அதுவும் காரணம்.

யோசித்துப் பாருங்கள். சீனியரை மீறலாமா, கூடாதா? நம்ம ஆபீஸில் இந்தத் தயக்கத்தால் ஒரு ஃபைல் தவறிப் போகும். மானேஜர் தப்பாகக் கூட்டினாலும் 'எஸ் சார்' போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவோம். காக்பிட்டில் அப்படி முடியாது. சிவகாசியில் மருந்து கலக்கும் அறையிலும் முடியாது. அறையில் எத்தனை பேர் இருக்கலாம், எவ்வளவு மருந்து வைக்கலாம் என்று அங்கேயும் விதி உண்டு. 2012 செப்டம்பர் 5-ம் தேதி முதலிப்பட்டியில் வெடித்ததை விருதுநகர் மாவட்டம் இன்னும் மறக்கவில்லை. "அண்ணாச்சி, இது கூடாது, நிறுத்துங்க" என்று நேற்று சேர்ந்த பையன் சொன்னாலும் கை நிற்க வேண்டும். அதைப் புத்தகம் தெளிவாகச் சொல்ல வேண்டும். அவன் பக்கம் அது ஒன்றுதான் இருக்கிறது.

அடுத்த முறை மதுரையில் இறங்கப் போன விமானம் சடாரென்று மேலே ஏறினால், 'என்னய்யா ஓட்டுறான்!' என்று முணுமுணுக்காதீர்கள். உள்ளே யாரோ ஒருவர் "கோ அரவுண்ட்" என்றிருக்கலாம். இன்னொருவர் கேட்டிருக்கிறார்.

வீட்டுக்குப் பத்து நிமிஷம் லேட்டாகப் போனால் என்ன? மருமகன் காத்திருப்பார்!