ஒரு சிட்டிகை உப்பில் இரண்டு சத்துகள்

'உப்பில்லாப் பண்டம் குப்பையிலே' என்பர் நம் முன்னோர். சுவைக்காக நாம் சேர்க்கும் உப்பு, இன்று சத்துகளைச் சுமந்து வரும் வாகனமாகவும் விளங்குகிறது. ஏழை, செல்வர் என்ற வேறுபாடின்றி எல்லா வீடுகளிலும் அன்றாடம் அது பயன்படுவதே இதற்குக் காரணமாகும்.

கழுத்துக் கழலையைத் தடுக்க உப்பில் அயோடின் சேர்க்கப்படுவதை நாம் அறிவோம். அதே உப்பில் இரத்தசோகையைத் தடுக்கும் இரும்புச்சத்தையும் சேர்த்தால் என்ன? 2019-21 ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 19 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கு இரத்தசோகை இருந்தது. அது நம் வயதன்றோ!

ஆனால் இவ்விரண்டும் ஒன்றாக இருக்க மறுக்கின்றன. ஈரம் பட்டதும் இரும்பு, உப்பிலுள்ள அயோடேட்டுடன் வினைபுரிகிறது. அயோடின் ஆவியாகிப் போகிறது. இரும்போ உடல் எளிதில் ஏற்காத வடிவத்திற்கு மாறிவிடுகிறது. வெள்ளை உப்பும் பழுப்பேறுகிறது.

இச்சிக்கலைத் தீர்க்கக் கனடா நாட்டின் டொரான்டோ பல்கலைக்கழகப் பேராசிரியர் லெவென்டே டியோசாடி குழுவினர் நுண்குளிகைகளை உருவாக்கினர். ஃபெரஸ் ஃபூமரேட் என்னும் இரும்புச் சேர்மத்தை மாவுடன் பிசைந்து, சேமியா போலப் பிழிந்து, உப்புப் பரல் அளவிற்கு நறுக்குகின்றனர். அளவு மாறினால் குளிகைகள் உப்பில் சீராகக் கலந்து நில்லா. செம்பழுப்பு நிறம் தெரிந்தால் அழுக்கென்று நினைத்து நம் அன்னையர் பொறுக்கி எறிந்துவிடுவர். ஆகவே வெண்ணிறம் ஊட்டி, சோயா கொழுப்பால் போர்த்துகின்றனர். போர்வை மெலிந்தால் அயோடின் வீணாகும். மிகவும் தடித்தால் வயிற்றில் இரும்பு வெளிப்படாது. பின்னர் அதே குளிகைக்குள் இரும்புடன் வைட்டமின் பி12-ஐயும் சேர்த்து வைக்க அக்குழுவினர் வழி கண்டனர்.

2004 ஆம் ஆண்டு முதல் நம் மாநிலச் சத்துணவுக் கூடங்களுக்கும் இத்தகைய உப்பைத் தமிழ்நாடு உப்புக் கழகம் வழங்கியது. இரு சத்தும் செறிந்த உப்பு 1 கிலோவில் 850 முதல் 1100 மில்லிகிராம் இரும்பு இருக்க வேண்டுமென்பது இந்திய விதி. அதாவது 1 கிராம் உப்பில் ஏறக்குறைய 1 மில்லிகிராம் இரும்பு.

இதற்காக உப்பை அள்ளிப் போடலாகாது. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் இருப்பதே நலம். கீரையும் பயறும் நெல்லிக்கனியும் நம் தட்டில் இருக்கட்டும். ஒன்றோடொன்று ஒவ்வாத இரு பொருள்களையும் சேதமின்றி ஒரே வழியில் கொண்டு சேர்க்கும் இவ்வறிவியலைப் போற்றுவோம், நலமுடன் வாழ்வோம்!