வெற்றிடம் நிரப்பும் விந்தை
(பி.எஸ்ஸி. கணினி அறிவியல், மூன்றாம் ஆண்டு)

போத்தனூரில் ஓர் அச்சகத்தில் திருமண அழைப்பிதழ் அடிக்கக் கேட்டால், முதலில் மாதிரி ஒன்றைக் காட்டுவார்கள். வாசகம் ஆயத்தமாக இருக்கும். மணமக்கள் பெயருக்கும் நாளுக்கும் மண்டபத்துக்கும் மட்டும் இடம் விட்டிருக்கும். இணையப் பக்கங்களின் நிறம், அளவு முதலியவற்றை வகுக்கும் சி.எஸ்.எஸ். மொழியிலும் இத்தகைய ஏற்பாடு உண்டு. அதற்குப் பதிலீட்டுச் சார்பு என்று பெயர். அவற்றுள் முதன்மையானது 'வார்'. 2014-இல் ஃபயர்பாக்ஸும், 2016-இல் குரோமும் சஃபாரியும் இதனை ஏற்றன.

மாறிக்கு '--நிறம்' என்று தமிழிலேயே பெயரிடலாம். அதற்கு நீலம் என்ற மதிப்பை ஓரிடத்தில் தந்துவிட்டு, வேண்டிய இடங்களிலெல்லாம் 'வார்(--நிறம்)' என்று எழுதலாம். நாளை பச்சை வேண்டுமாயின் ஒரு வரியைத் திருத்தினால் போதும்.

சொல்லை மாற்றி வைப்பதுதானே, இதில் என்ன கடினம் என்று தோன்றும். சாதாரண வரியை உலாவியின் இயந்திரம் படிக்கும்போதே சரிபார்க்கிறது. பிழையானால் தள்ளிவிடும், முன்னால் எழுதிய நல்ல வரி நிலைக்கும். 'வார்' உள்ள வரியில் என்ன மதிப்பு வரும் என்பது அப்போது தெரியாது. இடத்துக்கு இடம் மாறிக்கு வேறு மதிப்பு இருக்கலாம். ஆகவே அவ்வரியைக் கூறுகளாகப் பிரித்து, ஆராயாமலே வைத்துக்கொள்கிறது. எந்த விதி வெல்கிறது என்று முடிவான பின்னரே பதிலீடு செய்து சரிபார்க்கிறது.

அப்போது பிழை தெரிந்தால்? தோற்ற வரிகள் முன்பே கழிந்துவிட்டன. நிறத்தின் இடத்தில் '20 பிக்சல்' வந்து நின்றால், முன் வரியில் சிவப்பு என்று எழுதியிருந்தும் பயனில்லை. தாய் உறுப்பின் நிறமே வந்து சேரும். 'வார்' சார்புக்குள் எழுதும் மாற்று மதிப்பும் மாறி இல்லாதபோதுதான் உதவுமேயன்றி, மாறியில் தவறான மதிப்பு இருக்கும்போது உதவாது. தீர்ப்பைத் தள்ளிவைப்பதற்கு நாம் கொடுக்கும் விலை இது.

இயந்திரத்தை எழுதுவோர்க்கு மேலும் மூன்று கவலைகள் உண்டு. முதலாவது சுழல்: 'அ' என்பது 'ஆ'வையும், 'ஆ' என்பது 'அ'வையும் சுட்டினால் வேலை முடிவுறாது. ஆதலால் சுழலில் சிக்கிய மாறிகள் அனைத்தும் செல்லாதவையாகின்றன. இரண்டாவது பெருக்கம்: ஒவ்வொரு மாறியும் முந்தையதை இருமுறை அழைத்தால், 30 படிகளில் 107 கோடிக்கு மேற்பட்ட பிரதிகள் பிறக்கும், நினைவகம் தாங்காது. எனவே அளவுக்கு வரம்பு வைக்கிறார்கள். மூன்றாவது ஒட்டாமை: மாறியில் உள்ள '20' என்பதன் பக்கத்தில் 'பிக்சல்' என்று எழுதினாலும் இரண்டும் சேர்ந்து ஓர் அளவாகா. நன்னூலின் புணர்ச்சி விதிகள் இங்கே செல்லா!

2025-இல் குரோம், நிபந்தனை பார்த்து மதிப்புத் தரும் 'இஃப்' சார்பையும் சேர்த்துக்கொண்டது. 2023-இல் ஜோஹோ நிறுவனம் வெளியிட்ட 'உலா' உலாவியும் குரோமியத்தின்மேல் கட்டப்பட்டதே. குரோமியம், ஃபயர்பாக்ஸ் இரண்டின் மூலநிரலையும் எவரும் படிக்கலாம். பயன்படுத்துவோராக மட்டும் நின்றுவிடாமல், நம் மாணவரும் அதனைத் திறந்து பார்ப்பார்களாக!