மழைக்காலத்தில் பிக்கப் வண்டிக்கு எந்த டயர் ஏற்றது?

உத்திரமேரூர் வட்டம் மானாம்பதிப் பகுதியில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மழை பிடித்துக்கொண்டால் வயலுக்குச் செல்லும் மண் பாதைகள் சேறாகிவிடுகின்றன. காலந்தாழ்ந்து அறுவடையான சொர்ணவாரி நெல்லை ஏற்றிய பிக்கப் வண்டி அந்தப் பாதையில் புதைந்து நின்றால் நஷ்டம் சாதாரணமானதல்ல. நேரடி கொள்முதல் நிலையங்களில் நெல்லின் ஈரப்பதத்திற்கு விதிப்படி உள்ள வரம்பு 17 சதவீதம். மழை மிகுந்த சில ஆண்டுகளில் இது தளர்த்தப்படுவதுண்டு என்றாலும், நனைந்த மூட்டை அதுவரை காத்திராது. சூடேறி முளை கட்டத் தொடங்கிவிடும்.

இதற்கு அஞ்சிப் பல விவசாயிகள் நான்கு சக்கரங்களுக்கும் பெரிய பட்டன் டயராக வாங்கிப் போடுகின்றனர். இது பாதிதான் சரி. சேற்றில் வண்டியை நகர்த்துவது பட்டனின் உயரம் மட்டுமன்று, பட்டன்களுக்கு இடையேயுள்ள வழியும் ஆகும். டிராக்டரின் பின்சக்கரத்தைப் பார்த்தால் இது விளங்கும். அதன் கட்டைகள் பக்கவாட்டில் திறந்திருப்பதால் சக்கரம் சுழலும்போது சேறு வெளியே தள்ளப்படுகிறது. இடைவெளி குறுகிய டயரில் களிமண் அப்பிக்கொண்டால், புது டயரும் மொட்டை டயரைப் போல வழுக்கும்.

ஆனால் பிக்கப் வண்டி டிராக்டர் அன்று. பத்து நாளில் ஒன்பது நாள் அது காஞ்சிபுரம், வந்தவாசி தார்ச்சாலைகளில்தான் ஓடுகிறது. பட்டன் டயரில் சாலையைத் தொடும் ரப்பர் பரப்பு குறைவு. எனவே நனைந்த தார்ச்சாலையில் பிரேக் போட்டால் வண்டி நிற்கக் கூடுதல் தூரம் பிடிக்கும். டீசலும் கூடுதலாகச் செலவாகும். நேர்கோட்டுப் பள்ளமுள்ள ரிப் டயர் மழை நீரை நன்கு வெளியேற்றும், ஸ்டியரிங்கும் பிடிப்பாக இருக்கும். ஆகவே பின்சக்கர இழுவையுள்ள வண்டிகளுக்கு முன்னால் ரிப் டயர், பின்னால் நடுத்தரப் பட்டன் டயர் என்பது இப்பகுதிக்குப் பொருத்தமான ஏற்பாடு. ஒரே அச்சில் ஒரு பக்கம் ரேடியல், மறுபக்கம் நைலான் டயர் போடுவது ஆபத்து.

இரண்டு டயர் மட்டும் வாங்க வசதியுள்ளவர்கள் புது டயரை முன்னால் போடுவதே வழக்கமாக உள்ளது. மழைக்காலத்தில் புது ஜோடி பின்னால் இருப்பதே நல்லது. பின் டயர் தேய்ந்திருந்தால் ஈரச்சாலை வளைவில் வண்டியின் வால் பகுதி வீசிவிடும். இதற்காக முன்னால் மொட்டை டயரை விட்டுவைக்கலாகாது. பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழ் வந்துவிட்டால் டயரைக் கட்டாயம் மாற்ற வேண்டும். பள்ளத்தின் அடியில் உள்ள சிறு மேடுகள் இதைக் காட்டும். மழைக்கு இந்த அளவு போதாது, 3 மில்லிமீட்டராவது வேண்டும். தீக்குச்சியின் மருந்துத் தலை பள்ளத்தில் முழுதும் மறைகிறதா என்று பார்த்தால் ஏறத்தாழ இது தெரிந்துவிடும். ரீட்ரெட் டயரைப் பின்சக்கரத்திற்கு மட்டும் பயன்படுத்தலாம்.

வாங்கும்போது டயரின் பக்கச் சுவரைப் படிப்பது அவசியம். 215/75 ஆர் 15 என்றிருந்தால், அகலம் 215 மில்லிமீட்டர், பக்க உயரம் அதில் 75 சதவீதம், ரேடியல் வகை, ரிம் 15 அங்குலம் என்று பொருள். அதையடுத்துள்ள எண் சுமைக் குறியீடு. 100 என்றால் ஒரு டயர் 800 கிலோ தாங்கும், 108 என்றால் 1,000 கிலோ. இது வண்டியின் எடையையும் சேர்த்த கணக்கு. விலை குறைவு என்று கார் டயரை வாங்கி மாட்டுவோர் இந்த எண்ணைப் பார்ப்பதில்லை! நான்கு இலக்கத் தேதிக் குறியில் 2324 என்றிருந்தால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. ஐ.எஸ்.ஐ. முத்திரையும் இருக்க வேண்டும்.

சில டயர்களில் எம்+எஸ் என்ற எழுத்துகள் காணப்படும். சேற்றுக்கும் பனிக்கும் உரியது என்பது இதன் பொருள். மலையும் பனித்துளியும் பொறித்தவை கடும் பனிக்கான டயர்கள். 7 டிகிரிக்குக் கீழ் சாதாரண ரப்பர் இறுகிவிடுவதால் குளிர் நாடுகளில் மென்மையான ரப்பரில் இவற்றைச் செய்கின்றனர். மார்கழியிலும் அவ்வளவு குளிர் காணாத மானாம்பதியில் இவற்றுக்கு வேலையில்லை. சித்திரை வெயிலில் விரைவில் தேய்ந்துபோகும்.

காற்றழுத்தத்தைப் பொறுத்தவரை, வண்டிக் கதவின் ஓரத்தில் ஒட்டியுள்ள அளவைப் பின்பற்றி, டயர் குளிர்ந்திருக்கும்போது சோதிக்க வேண்டும். காலி வண்டி சேற்றில் சிக்கினால் பின் டயர்களில் கால் பங்கு காற்றைக் குறைத்து மெதுவாக வெளியேற்றலாம். ஆனால் சுமை ஏற்றித் தார்ச்சாலைக்கு வருமுன் மீண்டும் நிரப்பியே தீர வேண்டும். காற்றுக் குறைந்த டயர் சூடேறி வெடிக்கும். காலி வண்டியின் பின்புறம் எடை இல்லாததும் வழுக்கலுக்குக் காரணம். பின் அச்சுக்கு நேர் மேலே இரண்டு மூட்டை மணல் வைத்தால் பிடிப்பு கூடும்.

வரப்போரச் சீமைக்கருவேல முள்ளுக்கு டியூப்லெஸ் டயர் ஓரளவு தாக்குப்பிடிக்கும். முள் குத்தியவுடன் காற்று முழுதும் இறங்காது. ரிம் நெளிந்திருந்தால் மட்டும் கசியும்.

எந்த டயராக இருந்தாலும் சுமை வண்டியை நஞ்சைக்குள் இறக்க வேண்டாம். சக்கரத் தடத்தில் மண் இறுகி, அடுத்து வரும் நவரைப் பயிரின் வேர் இறங்காது. வண்டியைக் கெட்டியான பாதையில் நிறுத்தி, மூட்டைகளை டிராக்டர் டிரெய்லரில் கொண்டுவந்து மாற்றிக்கொள்ளலாம்.